பெரிய செடிக்குப் பெரிய தொட்டியா?

என் வீட்டுச் சன்னலோரம் நிற்கும் ரப்பர் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால், முன்பெல்லாம் அது மண்ணின் மேல் சற்றுத் தேங்கி நின்று, இரண்டொரு குமிழி விட்டு, பிறகு மெல்ல உள்ளே இறங்கும். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் ஊற்றிய தண்ணீர், தேங்குவதற்குக்கூட மனமில்லாததுபோல் தொட்டியின் ஓரமாக வழிந்து, நான் குவளையைக் கீழே வைப்பதற்குள் அடித்தட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். முதல் கணு வரைக்குமே விரல் இறங்கவில்லை. விரலைத் தடுத்தது மண் அல்ல, வேர்.

அன்றைக்கே தொட்டியை மாற்றியிருக்க வேண்டும். ஆனால் ஆறரை அடி உயரமுள்ள செடிக்குத் தொட்டி மாற்றுவதென்பது நினைத்தவுடன் கையை மடித்துக்கொண்டு இறங்கும் வேலையன்று. எனவே முதலில் சான்று தேடும் சாக்கில் ஒரு மாதத்தைத் தள்ளினேன். தொட்டியின் விளிம்பைத் தூக்கி அடியில் விளக்கு அடித்துப் பார்த்தபோது, வடிகால் துளை வழியாகப் பென்சில் பருமனில் இரண்டு வேர்கள் வெளியே வந்து, அடித்தட்டின் வளைவை ஒட்டியே வட்டமடித்திருந்தன. தண்ணீர் ஊற்றிய மூன்றாம் நாளே இலைகள் தொய்ந்தன. முன்பு பத்து நாள் தாங்கிய செடி அது. புதிய இலைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சிறியதாக வந்தன. இவற்றில் ஏதேனும் ஒன்று மட்டும் தென்பட்டால் வேறு காரணமும் இருக்கலாம். மூன்றும் சேர்ந்து வந்தால், தொட்டிக்குள் வேர் நிறைந்து மண் குறைந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

செடியைப் பார்த்தவர்கள் அனைவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: இதைவிடப் பெரிய தொட்டியில் வை. அந்த அறிவுரையை நான் உடனே ஏற்காததற்கு ஒரு காரணம் உண்டு. அதே அறிவுரையைக் கேட்டு ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்போது இந்தச் செடி மூன்றடி உயரத்தில், 20 செ.மீ. வாயகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தது. வளரும் செடிதானே, அடிக்கடி மாற்றுவானேன் என்று எண்ணி, 35 செ.மீ. வாயகலமுள்ள ஒரு பளபளப்பான பீங்கான் தொட்டிக்கு நேரே தாவினேன். பார்வைக்கு 15 செ.மீ. வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் தொட்டியின் கொள்ளளவு அகலத்தைப் போல் நேர்விகிதத்தில் கூடுவதில்லை. வடிவம் மாறாமலிருந்தால் அகலத்தின் முப்படி அளவுக்குக் கூடுகிறது. 20 செ.மீ. தொட்டியிலிருந்து 25 செ.மீ. தொட்டிக்குப் போனாலே மண் ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். 35 செ.மீ. என்றால் ஐந்து மடங்குக்கும் மேல். ஒரு பங்கு மண்ணில் பழகிய வேரை ஐந்து பங்கு மண்ணுக்கு நடுவில் வைத்து, அத்தனைக்கும் சேர்த்துத் தண்ணீரும் ஊற்றினேன். வேர் எட்டாத நான்கு பங்கு மண்ணிலிருந்து அந்தத் தண்ணீரை எடுப்பார் யாருமில்லை. வாரக்கணக்கில் அது அங்கேயே ஈரமாகக் கிடந்தது.

ஈர மண்ணில் வேர் அழுகுவது தண்ணீரின் குற்றமன்று, காற்றில்லாத குற்றம். வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளின் வழியாக அதற்கு ஆக்சிஜன் வந்தாக வேண்டும். அந்த இடைவெளிகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டால், காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் ஆக்சிஜன் அதன் வழியே பரவும். வேர் மூச்சுத் திணறி நலிகிறது. நலிந்த வேரை அழுகல் பூஞ்சைகள் பிடித்துக்கொள்கின்றன. வேர் போன செடி தண்ணீருக்கு நடுவில் நின்றபடியே வாடுகிறது. வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறோம். நானும் ஊற்றினேன். நான்கு மாதம் ஒரு கொழுந்துகூட வரவில்லை. கீழிலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்து விழுந்தன. வடிகால் துளையருகே குனிந்தால் குட்டை நாற்றம் அடித்தது.

இத்துடன் நிற்கவில்லை என் கைங்கரியம். தண்ணீர் நன்றாக வடியட்டும் என்று அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் கூழாங்கல் பரப்பியிருந்தேன். தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் இந்த யோசனை ஏன் பிழையென்பதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு பஞ்சு (ஸ்பாஞ்ச்) தேவைப்பட்டது. பாத்திரம் துலக்கும் செவ்வகப் பஞ்சை நன்றாக நனைத்துத் தட்டையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாக வடிந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இனி வடியாது என்று தோன்றும்போது அதை நீளவாக்கில் திருப்பி நிறுத்துங்கள். திடீரென்று மறுபடி தண்ணீர் கொட்டும். குட்டைப் பக்கம் கீழே இருக்குமாறு செங்குத்தாக நிறுத்தினால் மேலும் கொட்டும். எந்த நுண்துளைப் பொருளும் தன் அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீரை நுண்புழை ஈர்ப்பால் பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்த உயரத்தை முடிவு செய்வது பொருளின் தன்மைதான், தொட்டியின் ஆழமன்று. ஆழமான தொட்டியில் அந்த ஈர அடுக்கு மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. ஆழமற்ற தொட்டியில் அதுவே பாதி. அடியில் கல்லைப் பரப்பும்போது நாம் ஈர அடுக்கை நீக்குவதில்லை. நுண்ணிய மண்ணின் அடிப்பகுதி ஊறி நிறையும் வரை தண்ணீர் பெரிய கல் இடுக்குகளுக்குள் இறங்காது. ஆகவே ஈர அடுக்கு கல்லின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நான்கு விரற்கடை கல்லைப் போட்டு, வேருக்கு நான்கு விரற்கடை நெருக்கமாகச் சேற்றைக் கொண்டுவந்து வைத்தேன்.

செடி எப்படியோ பிழைத்தது. தண்ணீரை ஏறக்குறைய அடியோடு நிறுத்தி, வெளிச்சம் அதிகமுள்ள இந்தச் சன்னலுக்கு மாற்றியதைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை. எட்டாம் மாதம் ஒரு கொழுந்து வந்தது. அதற்குப் பின் ஆறு ஆண்டுகளில், முதலில் எட்டாத அத்தனை மண்ணையும் அது வேரால் நிரப்பியது.

இப்போது தலைக்கு மேல் கூரைக்கு ஒரு சாண் இடைவெளிதான் மிச்சம். இந்த நிலையில் பெரிய தொட்டி என்ற யோசனையை நிதானமாக எண்ணிப் பார்த்தேன். தொட்டியின் அளவும் செடியின் வளர்ச்சியும் எப்படித் தொடர்புடையவை என்பதை தாவர ஆய்வாளர் ஹென்ட்ரிக் பூர்ட்டரும் அவருடைய குழுவினரும் 65 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2012இல் வெளியிட்டார்கள். தொட்டியின் கொள்ளளவை இரு மடங்காக்கினால் செடியின் நிறை சராசரியாக 43 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. வயலுக்குப் போகப்போகும் நாற்றுக்கு இது நற்செய்தி. கூரையைத் தொடவிருக்கும் என் செடிக்கு இது எச்சரிக்கை. இன்னும் அதிகமான ரப்பர் செடி எனக்கு வேண்டாம். இருக்கும் செடி நலமாக இருந்தால் போதும். அதற்குத் தேவை புதிய மண்ணும் காற்றும் வேருக்குக் கொஞ்சம் இடமும். இவற்றை அதே அளவுள்ள தொட்டியிலேயே கொடுக்கலாம், வேரைக் கவாத்து செய்யத் துணிவிருந்தால்.

துணிவு வருவதற்குக் கொழுந்துக்காகக் காத்திருந்தேன். ரப்பர் செடியின் நுனியில் அடுத்த இலை ஒரு செந்நிற உறைக்குள் சுருண்டு, கூர்மையான கொம்புபோல் நிற்கும். அந்த உறை தடிக்கத் தொடங்கினால் செடி வளரும் பருவத்துக்குள் நுழைந்துவிட்டது என்று பொருள். அறுபட்ட வேர் விரைவில் மீண்டும் கிளைக்கும். செடி உறங்கும் பருவத்தில் வேரில் கைவைத்தால், அறுத்த இடம் ஆறாமல் ஈரத்தில் கிடந்து அழுகும். உறை தடித்த வாரத்தில் அக்காவை உதவிக்குக் கூப்பிட்டேன். முதல் நாள் மாலை தொட்டிக்கு நன்றாகத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். ஈரமான வேர்மண் எளிதில் உதிராது, ஈரமான வேர் முறியாமல் வளையும். இலைகளையெல்லாம் மேல்நோக்கிக் கூட்டி, ஒரு பழைய பருத்திப் புடவையால் தளர்வாகச் சுற்றிக் கட்டினோம். பிறகு தார்ப்பாயை விரித்து, தொட்டியை அதன்மேல் மெல்லச் சாய்த்துப் படுக்க வைத்தோம். ஈர மண்ணும் பீங்கானும் செடியும் சேர்ந்து நாற்பது கிலோவுக்குக் குறையாது. அதை நின்ற வாக்கில் தூக்க முயல்பவருக்கு அடுத்த வாரம் முழுவதும் இடுப்புதான் பேச்சு.

தண்டின் அடிப்பகுதியைப் பிடித்து நான் இழுத்தேன். அசையவில்லை. “செடியைப் பிடிச்சு இழுக்காதேடா, தொட்டியைப் பிடிச்சு இழு,” என்றாள் அக்கா. அவள் சொன்னது சரி. செடியை இழுத்தால் பளு முழுவதும் தண்டும் வேரும் சேரும் கழுத்தில் விழும். செடியைப் படுக்க வைத்துத் தொட்டியை உருவினால் அப்படி ஆகாது. நீளக் கத்தியை உள்விளிம்போரம் விட்டுச் சுற்றிலும் அறுத்தோம். தொட்டியின் பக்கங்களை உள்ளங்கையால் தட்டி உருட்டினோம். வடிகால் துளையில் நீண்டிருந்த இரண்டு வேர்களையும் வெட்டிவிட்டு, துளை வழியாக ஒரு குச்சியை விட்டு நெம்பினோம். அரை மணி நேரத்தில் வேர்ப்பந்து இரண்டு விரற்கடை நகர்ந்து, அதற்கு மேல் வர மறுத்தது.

மறுத்ததற்குக் காரணம் தெரிந்தபோது என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் அழகைப் பார்த்து நான் தேர்ந்தெடுத்தது வயிறு பருத்து வாய் குறுகிய தொட்டி. வாய் 35 செ.மீ. என்றால் வயிறு 42 செ.மீ. வேர் அந்த வயிற்றை நிறைத்து அதே வடிவில் இறுகியிருந்தது. ஜாடிக்குள் கைவிட்டு எதையோ பிடித்துக்கொண்டு, கையை விரிக்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நிற்பவனுடைய கதைதான். செடி வளரும் பொருள் என்பதை மறந்துவிட்டு வாங்கும் தொட்டி இப்படித்தான் முடியும். அடியைவிட வாய் அகன்றிருக்கும் எளிய வாளி வடிவம் பல காலமாக மாறாமலிருப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை.

இரண்டே வழிகள் இருந்தன: பந்தைச் சுற்றிலும் மூன்றரை செ.மீ. கண்மூடித்தனமாக அறுப்பது, அல்லது தொட்டியை உடைப்பது. தொட்டியின் மேல் ஒரு சாக்கைப் போர்த்தி, வயிற்றுப் பகுதியில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். சத்தம் சாக்குக்குள் அடங்கிவிட்டது. சாக்கை விலக்கியபோது ஓடுகள் விழாமல் அப்படியே நின்றன. ஒவ்வொன்றையும் வேர் உள்ளிருந்து பிடித்து வைத்திருந்தது.

ஓடுகளை உரித்தெடுத்த பின் தெரிந்த காட்சியை எளிதில் மறக்க முடியாது. பந்தின் மேற்பரப்பில் மண்ணே இல்லை. கயிறு திரித்ததுபோல் பழுப்பு வேர்கள் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி, பீங்கானின் உட்புறப் பளபளப்புகூடப் பதிந்ததுபோல் வழவழப்பாக இருந்தன. பூர்ட்டர் குழுவினர் பார்லியையும் சர்க்கரை பீட் கிழங்கையும் காந்த அதிர்வுப் படக் கருவிக்குள் வைத்துப் பார்த்தபோது, வேரின் பெரும்பங்கு தொட்டிக் கொள்ளளவின் வெளிப்பாதியில் இருந்ததாகப் படித்திருந்தேன். அது உண்மை என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். அடியில் என் பழைய கூழாங்கற்கள் இருந்தன. ஒவ்வொரு கல்லையும் வேர் குழந்தை விரல்களைப் போல் மூடிப் பிடித்திருந்தது. கற்களுக்குச் சற்று மேலே மூன்று விரற்கடை தடிமனில் கரிய, நாறும் அடுக்கு ஒன்று இருந்தது. பஞ்சு எனக்குச் சொன்ன அதே அடுக்கு. அங்கே மட்டும் உயிருள்ள வேர் ஒன்றுகூட இல்லை.

இந்த மரத்தின் வேருக்குப் பிடிப்பு இயல்பிலேயே அதிகம். காட்டில் இது 30 மீட்டருக்கும் மேல் வளர்ந்து, கிளையிலிருந்து விழுதுபோல் வேர்களை இறக்கும். மேகாலயத்தின் புகழ்பெற்ற உயிருள்ள பாலங்கள் ஓடைக்குக் குறுக்கே வளர்த்தெடுக்கப்பட்ட இதே இனத்தின் வேர்கள்தாம். பாலமாக நிற்கக்கூடிய வேர் ஒரு பூத்தொட்டிக்குள் தன்னைத் தானே நெரித்துக்கொள்வதில் வியப்பில்லை. சுற்றி வளரும் வேரை அப்படியே எடுத்துப் புதிய மண்ணில் வைத்தால், அது திருந்தி வெளியே போகாது. பழகிய வட்டத்திலேயே பருத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அறுக்க வேண்டியிருக்கிறது.

பல் வைத்த பழைய கத்தியைச் சாராயத்தால் துடைத்து எடுத்துக்கொண்டேன். கற்களையும் கரிய அடுக்கையும் உதிர்த்துவிட்டு, அடியிலிருந்து ஐந்து செ.மீ. கனமுள்ள ஒரு வட்டை அறுத்தெடுத்தேன். பிறகு சுற்றிலும் இரண்டு செ.மீ. சீவினேன். இரண்டும் ஐந்தும் காதுக்குச் சிறிய எண்கள். 32 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள ஒரு வேர்ப்பந்தில் இவ்வளவையும் எடுத்தால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே போய்விடுகிறது. என் பந்து வயிறு பருத்தது என்பதால் நடுவில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே சீவ வேண்டியிருந்தது. இதற்கு மேல் ஒரே முறையில் அறுப்பது சூதாட்டம் என்று எண்ணி நிறுத்திக்கொண்டேன். சீவிய பக்கங்களில் மேலிருந்து கீழாக நான்கு கீறல் போட்டு, வெளி வேர்களை விரலால் கோதிவிட்டேன். வெட்டிய இடமெல்லாம் பால் முத்து முத்தாகத் துளிர்த்தது. அது தோலில் பட்டால் அரிக்கும், துணியில் பட்டால் கறை போகாது. கையுறையைப் போட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டியவனே போடாமல் வேலை செய்து, இரண்டு நாள் மணிக்கட்டைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

வேரைக் குறைத்தால் தலையையும் அதே அளவு குறைக்க வேண்டும் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. நான் அதைப் பின்பற்றவில்லை. புதிய வேர் விடுவதற்கான சர்க்கரையைச் செய்வது இலை. வேர் விடு என்று ஏவும் ஆக்சின் என்ற வளரூக்கி உருவாவது பெரும்பாலும் நுனிக் கொழுந்திலும் இளம் இலைகளிலும். தலையை வெட்டுவது, காயம்பட்டவனின் சோற்றில் கைவைப்பதற்குச் சமம். தாங்க முடியாத இலையைச் செடி தானே உதிர்த்துக்கொள்ளும். எதை உதிர்ப்பது என்பது என்னைவிட அதற்கு நன்றாகத் தெரியும்.

அறுத்ததை ஒரு பக்கம் குவித்துப் பார்த்தபோது அக்கா கேட்டாள், “மண்ணையெல்லாம் செடியே தின்னுடுச்சா?” பலர் கேட்கும் கேள்விதான் இது. பதினேழாம் நூற்றாண்டில் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் என்பவர் இதே கேள்வியை ஒரு தொட்டியைக் கொண்டே சோதித்தார். உலர்த்தி எடைபோட்ட 200 பவுண்டு மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். முடிவில் மரம் 169 பவுண்டைத் தாண்டியிருந்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே ஆனது என்று அவர் முடிவு கட்டியது பிழை. காற்றிலுள்ள கரியமில வாயுவின் பங்கை அவர் அறியவில்லை. ஆனால் மண் தின்னப்படுவதில்லை என்பது அன்றைக்கே தெளிவாகிவிட்டது.

அப்படியானால் என் தொட்டியில் மண் எங்கே போனது? பெரும்பகுதி அது மண்ணே அல்ல என்பதுதான் விடை. வீட்டுச் செடிகளுக்கு நாம் நிரப்புவது பெரும்பாலும் தென்னை நார்த்தூளும் மக்கிய உரமும். இரண்டும் ஆண்டுக்காண்டு மேலும் மக்கிச் சுருங்கும். இழைகள் பொடியாகி இடுக்குகளை அடைக்கும். காற்று போவதற்கு வழியிருக்காது. ஒரு முறை நன்றாகக் காய்ந்துவிட்டால் அந்தப் பொடி தண்ணீரை ஏற்காமல் தள்ளிவிடும். அதனால்தான் ஊற்றியது ஓரமாக வழிந்து மூன்று நொடியில் தட்டுக்கு வந்தது. சத்துக் குறைந்திருந்தால் உரம் போட்டுச் சரிசெய்துவிடலாம். இழந்த இடுக்குகளை எந்த உரத்தாலும் திருப்பித் தர முடியாது. ஆகவே புதிய கலவையில் நான் முதலில் பார்த்தது காற்றுக்கு வழி இருக்கிறதா என்பதைத்தான். நான்கு பங்கு கழுவிப் பிழிந்த நார்த்தூள், இரண்டு பங்கு மரப்பட்டைத் துண்டு, இரண்டு பங்கு பெர்லைட், இரண்டு பங்கு மக்கிய உரம். நார்த்தூளைக் கழுவுவது உப்பைப் போக்குவதற்காக. பெர்லைட் என்பது ஒரு வகை எரிமலைக் கண்ணாடிப் பாறை. 850 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் உள்ளேயிருக்கும் நீர் ஆவியாகி, பாறை பொரிபோல் வெடித்துப் பல மடங்கு உப்பிவிடும். அதன் தூசி மூச்சுக்கு நல்லதல்ல என்பதால், பையைத் திறந்தவுடன் தண்ணீர் தெளித்துவிட்டேன்.

புதிய தொட்டி சுடுமண் தொட்டி. வாயகலம் மீண்டும் 35 செ.மீ.தான், ஆனால் வாளி வடிவம். பிளாஸ்டிக் எடை குறைவு, தூக்க எளிது. எனினும் இவ்வளவு உயரமுள்ள செடி இலேசான தொட்டியில் நின்றால், கதவு வேகமாகச் சாத்தப்பட்டாலே சாயும். தவிர, சுடுமண்ணின் பக்கங்கள் வழியாகவும் ஈரம் ஆவியாகும். அதிகமாகத் தண்ணீர் ஊற்றும் கைக்கு அது ஒரு காப்பு. புதுத் தொட்டியை முதல் நாள் இரவே தண்ணீரில் அமிழ்த்தி வைத்திருந்தேன். அமிழ்த்தியவுடன் அதன் சுவர் முழுவதிலிருந்தும் ஊசிமுனைக் குமிழிகள் சரம் சரமாகக் கிளம்பி, வெகுநேரம் ஓயவில்லை. அத்தனை துளைகளும் காய்ந்திருந்தால், செடிக்கு ஊற்றும் முதல் தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும்.

அடியில் இம்முறை கல் இல்லை. கலவை துளை வழியாகப் போய்விடாதபடி, உடைந்த பீங்கான் தொட்டியின் வளைந்த ஓடு ஒன்றைக் கவிழ்த்து வைத்தேன். அந்தத் தொட்டி எனக்குச் செய்த உருப்படியான ஒரே உதவி அதுதான். அதன் மேல் கலவை, கலவையின் மேல் செடி. பழைய மண்மட்டம் எங்கே இருந்ததோ அதே உயரத்தில் தண்டு நிற்க வேண்டும். ஆழமாக நட்டால் உறுதியாக நிற்கும் என்று தண்டைப் புதைத்தால், பட்டை ஈரத்தில் அழுகும். விளிம்புக்குக் கீழே மூன்று செ.மீ. காலியாக விட்டு, சுற்றிலும் கலவையை நிரப்பினோம். அக்கா கையால் அழுத்த வந்தபோது தடுத்தேன். பார்த்துப் பார்த்துச் சேர்த்த காற்றை ஒரே அழுத்தில் வெளியேற்றிவிடக் கூடாது. மெல்லிய மூங்கில் குச்சியை அங்கங்கே இறக்கி ஆட்டிவிட்டால், பெரிய பொந்துகள் மட்டும் அடைபடும். மிச்சத்தைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும்.

முதல் தண்ணீரை மட்டும் அடியில் வழியும் வரை ஊற்றினேன், அதுவும் நேராகப் பழைய வேர்ப்பந்தின் தலையில். புதிய கலவை இளகலானது, பழைய பந்து இறுகலானது. ஓரத்தில் ஊற்றினால் இளகலான வழியே எல்லாம் வடிந்து, நடுவில் பந்து காய்ந்தபடியே இருந்துவிடும். கலவை இரண்டு விரற்கடை இறங்கியது. மேலே இன்னும் கொஞ்சம் சேர்த்தோம். புடவையை அவிழ்த்தபோது இலைகள் ஒன்றும் நடக்காததுபோல் விரிந்துகொண்டன.

மூன்றாம் நாள் தொய்ந்தன. எதிர்பார்த்ததுதான் என்றாலும் இருப்புக் கொள்ளவில்லை. செடி தண்ணீர் குடிப்பது நாம் காணும் தடித்த வேர்களால் அல்ல. அவற்றின் நுனியருகே முளைக்கும் வேர்த்தூவிகளால். 1937இல் வெளியான ஓர் ஆய்வில் ஹோவர்டு டிட்மர் என்ற தாவரவியலாளர் ஒரே ஒரு கம்புப்புல் செடியை, அதாவது ரை என்னும் தானியச் செடியை, ஒரு பெட்டி மண்ணில் நான்கு மாதம் வளர்த்து அதன் வேர்களைக் கணக்கெடுத்தார். வேர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 620 கிலோமீட்டர். தூவிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 1,400 கோடி. நான் கத்தியால் சீவியெடுத்த அந்த வெளிச்சுற்றில்தான் வேர்நுனிகள் மிகுதி. அவை மீண்டும் முளைக்கும் வரை இலைக்குப் போகும் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும். தொட்டியோ ஈரமாக இருக்கிறது. இந்த நேரத்தில் தொய்ந்த இலையைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதுதான் ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை. இம்முறை குவளையைப் பரண்மேல் ஏற்றி வைத்துவிட்டு, மூங்கில் குச்சியை மட்டும் கையருகே வைத்துக்கொண்டேன். குச்சியை ஐந்து செ.மீ. ஆழத்துக்கு இறக்கி எடுத்தால், நார்த்தூள் ஒட்டாமல் வரும் வரை தண்ணீர் கிடையாது. பன்னிரண்டாம் நாள்தான் சுத்தமாக வந்தது.

நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமுள்ள இடத்தில் இரண்டு வாரம் வைத்திருந்து, பிறகே சன்னலுக்குத் திருப்பினேன். உரம் ஒன்றரை மாதத்துக்குக் கிடையாது; கலவையில் உள்ள மக்கு போதும், அறுபட்ட வேர்மேல் உப்பு படுவது நல்லதன்று. மூன்று வாரத்தில் ஐந்து இலைகள் மஞ்சளித்தன, ஐந்தும் அடிவரிசை இலைகள். ஒவ்வொன்று விழும்போதும் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். நான்காவது இலைக்குப் பிறகு அவள், “அது பாட்டுக்கு இருக்கட்டும், விடு,” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டாள்.

நாற்பத்தேழாம் நாள் காலையில் நுனியிலிருந்த செந்நிற உறை ஒரு பக்கமாகப் பிளந்து, உள்ளே சுருட்டிய இலையின் விளிம்பு வெளிறிய பச்சையில் தெரிந்தது. இரண்டு நாளில் உறை கழன்று மண்மேல் விழுந்தது. இலை என் உள்ளங்கையளவுதான் இருக்கிறது, நல்ல காலத்தில் விட்ட இலைகளில் பாதிகூட இல்லை. அதன் அடியில் அடுத்த உறை அதற்குள் கூர்விட்டிருக்கிறது. தண்ணீர் இப்போது மண்மேல் தேங்கி நின்று, குமிழி விட்டு இறங்குகிறது. அடித்தட்டுக்கு வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. சன்னல் பக்கமே சாய்ந்து வளராமலிருக்கத் தொட்டியை வாரம் ஒருமுறை கால்வாசி திருப்பி வைக்க வேண்டும். அந்த இலை முழுவதும் விரியட்டும் என்று இன்னும் திருப்பாமல் இருக்கிறேன்.